தாழ்ப்பாளுக்குள் ஒரு பெயரில்லாத பிணம்

கோகந்து, 1998 ஆகஸ்ட் 9

அன்புள்ள சகலை ரூஸிபாய்க்கு,

நீரும், கொழுந்தியாள் ஸனோபரும், புதுப் பேரனும், உம் பல் வைத்திய நாற்காலியில் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்ட சமர்க்கந்து ஜனங்களும் சுகம்தானே? இங்கே நான் சுகம். எங்கள் தெருவின் தொலைபேசிக் கம்பியை யாரோ மறுபடி வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் கடிதம்.

முலாம்பழ லாரிக்காரர் நீர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். ஏதோ தின்கிற சாமான் என்று கத்தியோடு உட்கார்ந்தேன். பிரித்தால் நாவல். தெரிந்தவர் ஒருவர் எழுதியது, எழுத்துத் தொழிலில் இருப்பவர் நீங்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டு வேறு. என் எழுத்துத் தொழிலின் லட்சணம் உமக்குத் தெரியும். உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வாரம் ஒரு நகைச்சுவை. என்னை விடாமல் வாங்குகிறவர்கள் சூரியகாந்தி விதை மடிக்கும் கிழவிகள்தான். ஆனாலும் கேட்டுவிட்டீர்.

ஐந்து அத்தியாயம் தாண்டினேன். நாள்காட்டித் தாளுக்கு நாலு வரிப் பாட்டு எழுதிப் பிழைக்கிற ஒரு வீட்டுக்காரர். தினமும் ஒரு அறைக்குள் போய் உள்பக்கம் தாழிட்டுக்கொள்வார். ஒருநாள் முதுகில் கத்தியோடு கிடக்கிறார். ஜன்னலில் கம்பி, கதவில் தாழ்ப்பாள். கொன்றவன் எப்படிப் போனான்? இதுதான் மர்மமாம்.

எனக்கு வேறு மர்மம். இந்த ஆசிரியர் நம் ஊரில் ஒரு சாவுக்காவது போயிருக்கிறாரா? ஒருத்தர் கண்ணை மூடினால் அரைமணியில் தெருவே உள்ளே வந்துவிடும். ஆண்கள் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். பெண்கள் முற்றத்தைப் பெருக்கி, கதவைத் துடைத்து, பிணத்தின் மெத்தையை உதறிக் காயப்போட்டு, தேநீரும் போட்டுவிடுவார்கள். துப்பறிகிறவன் வந்து சேரும்போது கைரேகை எங்கே இருக்கும்? கழுவிக் கவிழ்த்த கிண்ணத்தில். இவர் கதையில் என்னடா என்றால், ஒரு மனுஷன் உள்ளே நுழையவில்லை. கொலையை நம்பினாலும் நம்பலாம், இதை நம்ப முடியாது.

அப்புறம், என் வீட்டுக்காரி மஸ்தூராவின் மூட்டுவலி எப்படி? பேரனின் தொட்டில் விழாவுக்கு என்று ஜூனில் அங்கே வந்தவள். எங்கள் ஊரில் தொட்டில் விழா ஒரே நாளில் முடிந்துவிடும், உங்கள் பக்கம் எப்படியோ. பந்தலில் திராட்சை பழுத்து உதிர்கிறது என்று அவள் காதில் போடும். நான் சொன்னதாக வேண்டாம், பொதுவாகப் போடும்.

பல்லும் சொல்லும் உறுதியாக இருக்கட்டும்.
உம் சகலை,
ஸைபித்தீன்

சமர்க்கந்து, ஆகஸ்ட் 27

மதிப்பிற்குரிய சகலை ஸைபித்தீன் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பேரனுக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறது. இலவச வைத்தியம் என்பதால் பயமில்லாமல் முளைக்கிறது. தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கிடைத்தது. முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படித்தேன். சாவு வீட்டு இடத்தில் ஸனோபருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. மஸ்தூரா அக்காவும் இருந்தார். பாதாம் பருப்பு உரித்துக்கொண்டிருந்தார், தொடர்ந்து உரித்தார்.

நாவலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதியவர் கேட்டுக்கொள்கிறார். இன்னொன்றும் சொல்லச் சொன்னார். ஒரே ஒரு பக்கமாவது தங்களுக்குப் பிடித்திருந்தால் அவர் வீடு திரும்புவதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவாராம். இதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதியில்லை. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

அக்காவின் மூட்டு தேவலை. திராட்சை விஷயத்தைப் பொதுவாகக் காதில் போட்டேன். “அவர் சொன்னாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதானே பார்த்தேன்” என்றார்.

ஆண்டவன் காக்கட்டும்.
தங்கள்,
ரூஸிபாய்

கோகந்து, செப்டம்பர் 8

அன்புள்ள சகலை,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் சுகத்தில் கொஞ்சம் குறை. நானே சூப் வைத்தேன், நானே குடித்தேன்.

உம் ஆசிரியர் வீட்டை விட்டு வெளியே சுற்றுகிறார் என்று தெரிகிறது. இப்படி எழுதினால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்தான். இவருக்காக நான் ஒரு பக்கத்தை விரும்ப வேண்டுமாம். முயன்றேன் சகலை, சத்தியமாக முயன்றேன்.

எட்டாவது அத்தியாயத்தைக் கேளும். துப்பறியும் அதிகாரி விதவையிடம் இறந்தவர் பெயரைக் கேட்கிறார். அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். கட்டிய புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் இல்லையாம். “இந்த வீட்டுக்காரர்” என்கிறாள், “என் பொண்ணோட அப்பா” என்கிறாள். அதிகாரியும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். இரண்டு அத்தியாயத்துக்கு வழக்கு ‘பெயர் தெரியாத ஆண்’ என்றே நடக்கிறது. சவக்கிடங்கில் வேறு யாருடைய பிணத்தையோ எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் பால்காரி வந்து பேரைச் சொல்கிறாள். அப்போதும் ஆசிரியர் அதை நமக்குச் சொல்லவில்லை. ‘பால்காரி பெயரைச் சொன்னாள்’ என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். உலகத்திலேயே கொலை செய்யப்பட்டவனின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் ஒரே நாவல் இதுதான்.

அந்த ஆளும் லேசுப்பட்டவனா? சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும்போது, அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கிறான். என்ன புதையலைக் காக்கிறான்? நாலு வரி நாள்காட்டிப் பாட்டை. உள்ளே உட்கார்ந்து தான் எழுதியதைப் படித்துத் தானே சிரிக்கிறான். இவனைக் கொன்றது யார் என்பதல்ல கேள்வி, இத்தனை வருஷம் ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான். ஒன்று நிச்சயம். இதை எழுதியது கல்யாணமாகாத ஆள். குடும்பம் நடத்தியவன் இப்படிப் புருஷன் பெண்டாட்டி இருப்பார்கள் என்று எழுதமாட்டான்.

மஸ்தூராவிடம் சீரகம் எங்கே என்று கேட்டுச் சொல்லும். அவசரமில்லை. வந்து அவளே எடுத்துக் கொடுத்தாலும் சரி.

உம் சகலை,
ஸைபித்தீன்

சமர்க்கந்து, செப்டம்பர் 25

மதிப்பிற்குரிய சகலைக்கு,

நலம், நலமறிய ஆவல். பேரனுக்கு இரண்டாவது பல்.

சீரகம் மேல் தட்டில் நீல டப்பாவில் இருக்கிறதாம். பக்கத்தில் இருக்கும் பச்சை டப்பாவைத் தொட வேண்டாமாம், அது எலி மருந்து. இதைச் சொல்வதற்கு முன் அக்கா கொஞ்சம் யோசித்தார்.

எழுதியவர் கல்யாணமாகாதவர் அல்ல. நன்றாகவே ஆனவர்.

தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஞாபகசக்தி போதாது, அதனால் கேட்கிறேன். நாங்கள் கோகந்துக்கு வந்திருந்த ஒரு வசந்தத்தில், தங்கள் எழுத்து அறைக்குத் தச்சர் ஒருவர் ஏதோ பொருத்திக்கொண்டிருந்தாரே, அது என்ன? ஜன்னல் கொக்கியாகவும் இருக்கலாம்.

ரூஸிபாய்

கோகந்து, அக்டோபர் 5

அன்புள்ள சகலை,

எல்லோருக்கும் என் சலாம். உம் ஞாபகசக்திக்குத் தனியாக ஒரு சலாம்.

ஆமாம், என் அறையில் தாழ்ப்பாள் உண்டு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவன் நாள்காட்டிக்காரன், நான் பத்திரிகைக்காரன். வாசலில் நின்று ரொட்டி வாங்கவா, தண்டல்காரர் வந்திருக்கிறார், மாதுளைக்குத் தண்ணீர் விடவா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நகைச்சுவை எப்படி வரும்? அழுகைதான் வரும். மஸ்தூராவுக்கு அது புரியும். இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட அவள் கதவைத் தட்டியதில்லை. தேநீரை வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நாவலை முடித்துவிட்டேன். துப்பு துலங்கும் லட்சணத்தைக் கேளும். தாழ்ப்பாள் பூட்டவே இல்லையாம். நிலையில் அது போய் மாட்டுகிற துண்டு எப்போதோ கழன்று விழுந்துவிட்டதாம். வீட்டுக்காரருக்குத் தெரியாது, சத்தம் கேட்டால் போதும் அவருக்கு. வீட்டில் மற்றவர்கள் அந்தக் கதவு பூட்டியிருக்கும் என்றே பழகிவிட்டதால் ஒருவரும் தள்ளிப் பார்த்ததில்லை. அந்த வழக்கம் தெரியாத வெளியூர் விருந்தாளி ஒருவன் கையை வைத்தான், கதவு திறந்தது. அவனை வைத்து முன்பு ஒரு பாட்டில் கேலி செய்திருந்தாராம் வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

இது மர்மமா, மோசடியா? தாழிட்ட அறை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய், தாழே இல்லை என்று கைவிரிப்பது. எண்ணூறு பேருக்குப் பிரியாணி என்று அழைத்துவிட்டு அடுப்பே மூட்டவில்லை என்பதுபோல. கொஞ்சம் மூளை இருந்த யாராவது ஒருத்தர் கதவைத் தள்ளியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே நாவல் முடிந்திருக்கும், நானும் தப்பித்திருப்பேன்.

என் தீர்ப்பு: அடுப்பு பற்றவைக்க நல்ல தாள். ஆசிரியரிடம் சொல்லிவிடும். பிடித்த பக்கம் ஏதுமில்லை.

குளிர் வரப்போகிறது. மஸ்தூராவின் ரோமச் சால்வை இங்கே கிடக்கிறது. அனுப்பட்டுமா, அல்லது அவளே...? எதற்கும் கேட்டுச் சொல்லும்.

ஸைபித்தீன்

சமர்க்கந்து, அக்டோபர் 19

அத்தானுக்கு ஸனோபர் எழுதுவது.

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

இந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு உடைத்துப் பேசத் தெரியவில்லை. பல்லைத்தான் உடைப்பார். அதனால் நான் எழுதுகிறேன். அந்த நாவலை எழுதியது என் அக்கா. மருத்துவமனைத் தட்டச்சுப் பெண்ணிடம் கொடுத்து அடித்தது நாங்கள். கையெழுத்தில் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவீர்களே என்று பயந்தோம். இப்போது தோன்றுகிறது, கையெழுத்தில் அனுப்பியிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

முதல் கடிதத்துக்கு அக்கா சிரித்தாள். வெளியே காட்டவில்லை, எனக்குத் தெரியும். இரண்டாவது கடிதத்தில் பால்காரி விஷயத்துக்கும் சிரித்தாள். “படிச்சிருக்காரு பாரேன், ஒழுங்காப் படிச்சிருக்காரு” என்றாள். மூன்றாவது வந்த அன்று எழுந்து போய் அடுப்புக் கதவைத் திறந்தாள். நான் பின்னாலேயே போய்த் தாளைப் பிடுங்கினேன். முதல் இரண்டு அத்தியாயம் போய்விட்டது. உங்களிடம் இருக்கிற பிரதிதான் இப்போது முழுசு. பத்திரமாக வையுங்கள். சூப்புக்கு அடியில் வைக்காதீர்கள்.

“ஒரு பக்கமாவது நல்லாயிருக்குன்னு அவர் வாயால வரட்டும், அந்த வாரமே வண்டி ஏறிடுவேன். வராட்டி அந்த வீட்ல எனக்கு என்ன வேலை, கதவுக்கு வெளியே தட்டு வைக்கிறதுக்கா?” இது அவள் சொன்னது. சால்வையை அனுப்பிவிடுங்கள், அவளுக்கு இங்கே வேண்டியிருக்கும்.

ஸனோபர்

கோகந்து, நவம்பர் 14

அன்புள்ள சகலை ரூஸிபாய்க்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

குளிர் தாக்காதபடி திராட்சைக் கொடிகளைக் கீழே இறக்கி மண்மூடிவிட்டேன். இரண்டு பேர் வேலை. ஒருத்தர் வளைக்க வேண்டும், ஒருத்தர் மண் போட வேண்டும். ஒரு கொடி ஒடிந்துவிட்டது.

இத்துடன் ஒரு கடிதம். மஸ்தூரா கையில் கொடுக்கவும். தயவுசெய்து உரக்கப் படிக்க வேண்டாம்.

ஸைபித்தீன்

கோகந்து, அதே நாள்

மஸ்தூராவுக்கு,

சுகமா? மூட்டு எப்படி? இருபத்தைந்து வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பத்திரிகைத் தாளில் மூன்று பக்கம் கெட்டுப்போயிற்று.

ஸனோபரின் கடிதம் வந்த அன்று பக்கத்து வீட்டு ஹம்ரோவைக் கூப்பிட்டேன். நான் உள்ளே போய்த் தாழிடுகிறேன், நீ வெளியிலிருந்து தள்ளு என்றேன். எதற்கு என்றான். தள்ளடா என்றேன். வண்டி தள்ளுகிற வேகத்தில் தள்ளினான். நேரே என் மேஜைமேல் வந்து விழுந்தான். மைப்புட்டி போயிற்று. நிலையில் மாட்டுத் துண்டு இல்லை, இரண்டு ஆணி ஓட்டைதான் இருக்கிறது. அதிலும் சிலந்தி குடியிருக்கிறது, அதுவும் ரொம்ப நாளாக. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்கமாட்டேன்.

என் தீர்ப்பை நான் திரும்பப் பெறவில்லை. உன் அதிகாரி முட்டாள். சவக்கிடங்குக் கூத்து இரண்டு பக்கம் அதிகம். விருந்தாளியை முப்பதாம் பக்கத்திலாவது ஒருதடவை தலைகாட்ட விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வாசகன் சண்டைக்கு வருவான். இதையெல்லாம் நீ திருத்தித்தான் ஆக வேண்டும்.

ஆனால் எண்பத்தோராம் பக்கம். அந்த வீட்டுக்காரி தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வருகிறாள். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும். உள்ளே அவர் தன் பாட்டைப் படித்துச் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நீ எழுதவில்லை. இருநூறு பக்கம் தேடினேன், எங்கேயும் இல்லை. கொன்றவனை நான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் (இது பொய்). இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

அந்தப் பக்கம் பரவாயில்லை.

சால்வை இத்துடன். அவள் என்ன சொல்ல வந்தாள்?

ஸைபித்தீன்

சமர்க்கந்து, நவம்பர் 27

நிலூபரின் அப்பாவுக்கு,

சுகம். பெண் தாஷ்கெந்திலிருந்து ஸனோபர் வீட்டுத் தொலைபேசியில் பேசினாள், அவளும் சுகம். சால்வை வந்தது. சீரக வாசனை அடிக்கிறது. டப்பாவை மூடி வைக்கவும்.

‘பரவாயில்லை’ என்பது உங்கள் ஊர்ப் பக்கத்தில் பாராட்டா என்று ஸனோபரைக் கேட்டேன். அவருக்கு அதுதான் பெருநாள் விருந்து என்றாள். இருக்கட்டும், ஆனால் நான் கேட்டது அதுவல்ல.

விருந்தாளி முன்னாலேயே தலைகாட்ட வேண்டும் என்பது சரி. இருபத்தெட்டாம் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். சவக்கிடங்கைக் குறைக்க மாட்டேன். சிரிக்கத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

உங்கள் கடைசிப் பக்கத்தைச் சமர்க்கந்திலும் ஒரு கடையில் பார்த்தேன். பிஸ்தா மடித்துக் கொடுத்தார்கள். மாமியார் நகைச்சுவை மூன்றாவது தடவையாக வந்திருக்கிறது.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. பூட்டிய அறைக்குள் ஒரு மனுஷன் செத்துக் கிடப்பதாக அவளுக்கு ஒரு கதை தோன்றியிருந்தது. அதைச் சொல்ல வந்தாள்.

மஸ்தூரா

கோகந்து, டிசம்பர் 8

அன்புள்ள சகலை ரூஸிபாய்க்கும், என் பரம விரோதி ஸனோபருக்கும்,

சுகம் என்று எழுதினால் கண்பட்டுவிடும். முதுகு வலிக்கிறது என்று எழுதுகிறேன், அதுவும் உண்மைதான்.

முந்தாநாள் காலையில் முதல் பனி. முற்றத்தில் நின்று ஒடிந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருக்கதவை யாரோ தட்டினார்கள். போவதற்குள் கதவு இடுக்கு வழியாக ஒரு மடித்த தாள் உள்ளே விழுந்தது. ‘பனி என்னுடையது, விருந்து உங்களுடையது’ என்று மேலே எழுதியிருந்தது. முதல் பனிக்குச் சீட்டுப் போட்டு இந்த வீட்டுக் கதவை யாரும் தட்டிப் பல வருஷம் ஆகிறது. நம் சட்டம் உமக்குத் தெரியும். சீட்டுக்காரர் தெருமுனை தாண்டிவிட்டால் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குள் பிடித்துவிட்டால் சீட்டு செல்லாது, விருந்து அவர்கள் தலையில்.

தாளைப் பிரித்தேன். கேட்டது பிரியாணி இல்லை, ஆட்டுக்கால் இல்லை. ‘அந்த அறை எனக்கு, காலையிலிருந்து மதியம் வரை. தேநீரை வெளியே வைக்க வேண்டாம், உள்ளே கொண்டுவந்து கொடுக்கவும்.’

கதவைத் திறந்தேன். வெளியே முசுக்கட்டை மரத்தடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கை நீட்டினால் எட்டும். சால்வையில் பனி.

“ஓடலையா?” என்றேன்.

“இந்த முட்டியை வச்சிக்கிட்டா? ராத்திரி பூரா பஸ்ல மடக்கி வச்சது. பிடிச்சுக்கோங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க. எப்பவும் போல.”

சகலை, வாதத்தில் நான் தோற்றதில்லை என்று இந்த ஊரே சொல்லும். கல்யாண வீட்டுக் கேலிப் பேச்சில் வாய்க்குப் பேர்போன மார்கிலான் ஊர்க்காரர்களையே வாயடைக்க வைத்தவன். கை நீட்டினால் அறை எனக்கு.

“ஓடு,” என்றேன்.

“என்ன?”

“ஓடுங்கிறேன். நான் செருப்பைத் தேடிக்கிட்டிருக்கேன்.”

என் காலைப் பார்த்தாள். இரண்டிலும் செருப்பு இருந்தது. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். ஓட்டம் இல்லை, நொண்டல். பாதித் தெருவில் நின்று மூச்சு வாங்கினாள், திரும்பிப் பார்த்து, நான் இன்னும் தேடுகிறேனா என்று சரிபார்த்துக்கொண்டாள். குனிந்து மும்முரமாகத் தேடினேன். ஹம்ரோ அவன் வாசலில் பனி தள்ளிக்கொண்டே, “அண்ணே, கால்லதான் இருக்கு” என்றான். பேசாமல் தள்ளுடா என்றேன். நாவிதர் கடை முனை வரைக்கும் போய், அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்து, கையைத் தூக்கிக் காட்டினாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டுவரப் போனேன். கல்லா வைத்திருக்கிறீர்கள் பெட்டியில்? எல்லாம் தாளாம்.

இதை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காலையில் தேநீர் கொண்டுபோன சாக்கில் இரண்டாவது நாவலின் முதல் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். படுமோசம். நேரில் சொல்லியும்விட்டேன். “உட்காருங்க, எங்கே மோசம்னு காட்டுங்க” என்றாள். தேநீர் ஆறிப்போகும் வரை காட்டினேன்.

உமக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் தடவை செத்துப்போவது ஒரு பல் வைத்தியர். நாற்காலியில், வாயைத் திறந்தபடி. ஸனோபர் நிறைய விவரம் எழுதி அனுப்பியிருக்கிறாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும். பேரனுக்கு முத்தம்.

உம் சகலை,
ஸைபித்தீன்